ஏழாவது துண்டு: ஆர்.என்.ஏ. ஸ்ப்ளைசிங், எஸ்.எம்.ஏ. நோய், ஏட்ரியன் கிரெய்னரின் ஆய்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏட்ரியன் கிரெய்னர் யார்?

1958இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் பிறந்த மூலக்கூறு உயிரியலாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தார். ஹார்வர்டில் டாம் மேனியாட்டிஸின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1986 முதல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பணியாற்றி வருகிறார். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு முதன்முதலாக ஒப்புதல் பெற்ற மருந்தான நுசினர்சென் உருவானதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. ஆனால் அவர் அந்த நோயைத் தேடிப் போனவர் அல்லர். செல், மரபணுவிலிருந்து தான் படியெடுத்த ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற ஒரே கேள்வியை ஏறத்தாழ 15 ஆண்டுகள் துருவிக்கொண்டிருந்தவரிடம் அந்த நோய் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அனைத்துக்கும் அந்தக் கேள்வியே வேர்.

ஸ்ப்ளைசிங் என்றால் என்ன?

மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் குறிப்பு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கவில்லை என்பது 1977இல் தெரியவந்தது. அடினோவைரஸ் என்ற கிருமியை ஆராய்ந்த ஃபிலிப் ஷார்ப்பின் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்துக்குத் தேவையான எழுத்துகள் சிறுசிறு துண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் பல மடங்கு நீளமான, புரதத்தில் இடம்பெறாத பகுதிகள் இருக்கின்றன. தேவையான துண்டுக்கு எக்ஸான் என்றும் இடைப்பகுதிக்கு இன்ட்ரான் என்றும் பெயர். செல் முதலில் இரண்டையும் சேர்த்தே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. பிறகு இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை வரிசை மாறாமல் ஒட்டுகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலைதான் ஸ்ப்ளைசிங்.

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. எங்கே பதம் பிரிப்பது என்பது படிப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது. ‘தாமரை’ என்பதை ஒரே சொல்லாகப் படித்தால் பூ, ‘தா, மரை’ என்று பிரித்தால் தாவுகின்ற மான். ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ.வையும் செல் இப்படி வெவ்வேறு விதமாகப் பிரித்துச் சேர்த்து வெவ்வேறு புரதங்களைப் பெறுகிறது. மனித உடலில் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே இருந்தும், அவை தரும் புரத வகைகள் அதைவிட மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரிப்பதில் பிழை நேர்ந்தால் பொருளும் கெடும். இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயை உண்டாக்கும் மரபணுப் பிழைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது ஓர் இன்ட்ரானின் 5ஆம் எழுத்தில் நேரும் பிழை. அதுவும் ஸ்ப்ளைசிங்கைத்தான் குலைக்கிறது.

எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்?

வெட்டி ஒட்டும் பொறிக்கு ஸ்ப்ளைசியோசோம் என்று பெயர். 5 சிறிய ஆர்.என்.ஏ.க்களும் 100க்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்து இயங்கும் பெரும் பொறி அது. பெரும்பாலான இன்ட்ரான்கள் ஜி-யு என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி ஏ-ஜி என்ற இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. ஆனால் பல்லாயிரம் எழுத்துகள் நீளும் இழையில் இந்த இரட்டை எழுத்துகள் தற்செயலாகவே எத்தனையோ இடங்களில் வந்துவிடும். ஆகவே எது உண்மையான எல்லை என்று காட்ட வேறு அடையாளங்களும் இருந்தாக வேண்டும்.

கிரெய்னர் மாணவராக இருந்தபோதே, 1984இல், மேனியாட்டிஸின் ஆய்வகத்தில் மனிதச் செல்களின் உட்கருவிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு சோதனைக் குழாயிலேயே ஸ்ப்ளைசிங் நடக்கும்படி செய்தார்கள். இது கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், உயிருள்ள செல்லுக்குள் மறைந்து நடப்பதைக் குழாயில் நடத்திக் காட்ட முடிந்தால்தான், சாற்றிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்தெடுத்து, எது இல்லாவிட்டால் வேலை நிற்கிறது என்று பார்க்க முடியும். அப்படிப் பிரித்ததில் 1990இல் கிடைத்த புரதம் எஸ்.எஃப்.2. இப்போது அதன் பெயர் எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1. இது எக்ஸானுக்குள் இருக்கும் சில எழுத்துத் தொடர்களில் அமர்ந்து, இது வைத்துக்கொள்ள வேண்டிய துண்டு என்று பொறிக்குக் காட்டுகிறது. இத்தகைய ஊக்கித் தொடர்களுக்கு எதிராக அடக்கித் தொடர்களும் உண்டு; அவற்றில் வேறு புரதங்கள் அமர்ந்து, இத்துண்டை விட்டுவிடு என்று தடுக்கின்றன. எக்ஸான் ஒவ்வொன்றின் கதியும் இவ்விரண்டின் இழுபறியில் முடிவாகிறது.

எஸ்.எம்.ஏ. எப்படிப்பட்ட நோய்?

தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழிய, கட்டளை கிடைக்காத தசைகள் மெலிந்து செயலிழக்கும் நோய் இது. வியன்னாவில் கீடோ வெர்ட்னிக் 1891இலும், ஹைடெல்பெர்க்கில் யோஹான் ஹாஃப்மன் அடுத்த சில ஆண்டுகளிலும் இதை விவரித்தார்கள். சுமார் 10,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயுடன் பிறக்கிறது. கடுமையான முதல் வகையில் 6 மாதத்துக்குள்ளேயே அறிகுறிகள் தெரிந்துவிடும்: தலை நிற்காது, கால்கள் தவளையின் கால்களைப் போல விரிந்து கிடக்கும், அழுகுரல் தேய்ந்து ஒலிக்கும், பால் குடிப்பதும் மூச்சு விடுவதும் சிரமமாகும். சிகிச்சை இல்லாத காலத்தில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்தார்கள், அல்லது நிரந்தரமாகச் சுவாசக் கருவியைச் சார்ந்திருந்தார்கள். இரண்டாம் வகையினர் உட்காருவார்கள், தாமாக நடக்க மாட்டார்கள். மூன்றாம் வகையினர் நடந்து, பிறகு அந்தத் திறனை இழக்கக்கூடும். எந்த வகையிலும் அறிவு குன்றுவதில்லை. பேச முடியாத குழந்தையின் கண்கள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு நம்மைத் தொடர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

காரணமான மரபணு இல்லாமலே குழந்தை எப்படிப் பிறக்கிறது?

1995இல் பாரிஸில் ஜூடித் மெல்க்கியின் குழு, 5ஆம் குரோமோசோமில் இருக்கும் எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவே இதற்குக் காரணம் என்று கண்டறிந்தது. நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இம்மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் 7ஆம் எக்ஸான் இருப்பதில்லை. இது தரும் எஸ்.எம்.என். புரதம் உயிருக்கே அடிப்படையானது. எலிகளில் இதை முழுமையாக நீக்கினால் கரு பிழைப்பதே இல்லை. மனிதக் கரு மட்டும் பிழைப்பதற்குக் காரணம், அதே குரோமோசோமில் அருகிலேயே எஸ்.எம்.என்.2 என்ற ஏறத்தாழ அச்சு அசலான இன்னொரு மரபணு மனிதர்களிடம் இருப்பதுதான்.

ஆனால் இந்த இரண்டாவது மரபணுவின் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது, பெரும்பாலும் 54 எழுத்துகள் கொண்ட 7ஆம் எக்ஸான் விடுபட்டுப்போகிறது. அது விடுபட்டால் உருவாகும் புரதம் நிலைக்காமல் விரைவில் சிதைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுக்கே முழுப் புரதம் கிடைக்கிறது. அது உயிரைப் பிடித்துவைக்கப் போதும், இயக்க நரம்பணுக்களைக் காக்கப் போதாது. எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிரதிகள் கூடுதலாக இருந்தால் நோய் பொதுவாகத் தணிந்து காணப்படும்.

எஸ்.எம்.என். புரதத்தின் முக்கியப் பணிகளில் ஒன்று, ஸ்ப்ளைசியோசோமின் ஆர்.என்.ஏ.-புரதப் பகுதிகளைக் கோத்துத் தருவது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்ப்ளைசிங் பிழையால் குறைந்துபோகும் புரதமே ஸ்ப்ளைசிங் பொறியைக் கட்டும் புரதமாகவும் இருக்கிறது. எல்லாச் செல்களுக்கும் தேவையான இப்பணி குறையும்போது இயக்க நரம்பணுக்களே முதலில் அழிவது ஏன் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கும் கேள்வி.

ஒரே எழுத்து மாறியதற்கு இவ்வளவு விளைவா?

ஆம். இரண்டு மரபணுக்களுக்கும் இடையிலான வேறுபாடுகளில் தீர்மானமானது, 7ஆம் எக்ஸானின் 6ஆவது இடத்தில் சைட்டோசின் என்ற எழுத்துக்குப் பதில் தைமின் என்ற எழுத்து இருப்பதுதான். இந்த மாற்றம் புரதத்தின் அமினோ அமிலத்தை மாற்றுவதே இல்லை. இரண்டு எழுத்துக்கூட்டுக்கும் ஃபீனைல்அலனின்தான் வரும். மரபணு என்பது புரதத்துக்கான குறிப்பு மட்டுமே என்று நினைத்த காலத்தில் இத்தகைய மாற்றத்தை ‘ஓசையற்றது’ என்று ஒதுக்குவது வழக்கம். 1999இல் இந்த ஓர் எழுத்தே எக்ஸான் விடுபடுவதற்குக் காரணம் என்று நிறுவப்பட்டது. 2002இல் கிரெய்னரும் அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த லூகா கார்டெக்னியும் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 அமர வேண்டிய ஊக்கித் தொடர் அந்த எழுத்தால் உடைந்துபோகிறது. அதே மாற்றத்தால் அங்கே ஓர் அடக்கித் தொடர் புதிதாக உருவாகிறது என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இரண்டும் ஒருங்கே நடக்க முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், 1990இல் எந்த நோயையும் மனத்தில் கொள்ளாமல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு புரதம் 12 ஆண்டுகள் கழித்து ஒரு நோயின் மையத்தில் வந்து நின்றது.

அதிலிருந்து மருந்து எப்படிப் பிறந்தது?

எல்லா நோயாளிகளிடமும் எஸ்.எம்.என்.2 இருக்கிறது. புதிய மரபணு எதையும் செலுத்தாமல், இருக்கும் இந்த மரபணுவின் 7ஆம் எக்ஸானை விடுபடாமல் ஒட்டச்செய்தால் போதுமே என்பதுதான் எண்ணம். 2003இல் கார்டெக்னியும் கிரெய்னரும் முதலில் முயன்றது, ஊக்கிப் புரதத்தைப் போல நடிக்கும் ஒரு செயற்கை மூலக்கூறு. சோதனைக் குழாயில் அது வேலை செய்தது. 2004இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் உள்ள, இப்போது அயோனிஸ் எனப்படும் ஐசிஸ் மருந்து நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னெட்டுடன் கூட்டு ஆய்வு தொடங்கியது. பென்னெட்டின் துறை ஆன்டிசென்ஸ்: ஆர்.என்.ஏ.வின் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு இணையாகப் பொருந்தி ஒட்டிக்கொள்ளும், வேதியியல் முறையில் தயாரித்த சிறு இழைகளைச் செய்வது.

கிரெய்னர் ஆய்வகத்தில் யிமின் ஹுவா முன்னின்று செய்த வேலையைப் பொறுமையின் உச்சம் என்பேன். 7ஆம் எக்ஸானிலும் அதன் இருபுறமும் எழுத்து எழுத்தாக நகர்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இழையைச் செய்து, அங்கே அது ஒட்டினால் எக்ஸான் சேர்கிறதா விடுபடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இதற்கிடையே 2006இல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங்கின் குழு, 7ஆம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் ஐ.எஸ்.எஸ்.-என்1 என்ற வலுவான அடக்கித் தொடரைக் கண்டறிந்து வெளியிட்டது. அதை மறைத்தால் அடக்கும் புரதம் அமர இடமின்றிப் போகும், எக்ஸான் சேரும். கிரெய்னர் குழுவின் சோதனைகளிலும் இந்தப் பகுதியில் ஒட்டும் இழைகளே மிகச் சிறந்து விளங்கின. இறுதியில் தேர்வான இழை, அந்த இன்ட்ரானின் 10ஆம் எழுத்திலிருந்து 27ஆம் எழுத்துவரை மூடும் 18 எழுத்து இழை. ஆய்வகத்தில் அதன் பெயரே ‘10-27’. பிற்காலத்து நுசினர்சென் அதுதான். இம்மருந்தின் வரலாற்றைச் சொல்லும்போது சிங் குழுவின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

சாதாரண ஆன்டிசென்ஸ் இழை ஒட்டினால் செல்லின் நொதி ஒன்று வந்து அந்த ஆர்.என்.ஏ.வையே அறுத்துவிடும். இங்கே ஆர்.என்.ஏ. அழியக் கூடாது, திருந்த வேண்டும். ஆகவே இழையின் சர்க்கரைப் பகுதியில் வேதியியல் மாற்றம் செய்து அந்த நொதி நெருங்காதபடி வைத்தார்கள். அதே மாற்றத்தால் இழை எளிதில் சிதையாமலும் இருக்கிறது. 2011இல், கடும் எஸ்.எம்.ஏ. உள்ள எலிகளின் இடைநிலை ஆயுள் இம்மருந்தால் 25 மடங்கு நீண்டதாக ஹுவாவும் கிரெய்னரும் வெளியிட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனை தொடங்கியது.

ஏன் முதுகில் ஊசி போட வேண்டும்?

இந்த இழை இரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போக முடியாது. இரத்த-மூளைத் தடுப்பு அதை விடாது. எனவே இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரில் மருந்தை விடுகிறார்கள். முதல் இரண்டு மாதங்களில் 4 முறையும், பிறகு 4 மாதத்துக்கு ஒரு முறை வாழ்நாள் முழுவதும் தர வேண்டும். முதுகெலும்பு வளைந்த, அல்லது உலோகக் கம்பி வைத்து அறுவை செய்த நோயாளிகளுக்கு இது எளிதான காரியம் அல்ல.

சோதனைகளில் தெரிந்தது என்ன?

முதல் வகை நோய் கொண்ட கைக்குழந்தைகளிடம் நடந்த சோதனையில், மூவரில் இருவருக்கு மருந்தும் ஒருவருக்கு ஊசி போடுவதுபோன்ற பாவனைச் செயலும் என்று பிரித்தார்கள். இறுதிக் கணக்கில், மருந்து பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் தலை நிற்பது, புரளுவது, உட்காருவது போன்ற வளர்ச்சிப் படிகளில் முன்னேறினார்கள். மற்றப் பிரிவில் ஒரு குழந்தைகூட முன்னேறவில்லை. 2016இல் இடைக்கால முடிவுகளைப் பார்த்தவுடனே சோதனையை நிறுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கிடைக்க வழி செய்தார்கள். அமெரிக்காவில் 2016 டிசம்பர் 23 அன்று ஒப்புதல் கிடைத்தது. கிரெய்னரும் பென்னெட்டும் பிரேக்த்ரூ பரிசு பெற்றார்கள். 2021இல் மருத்துவத்துக்கான வுல்ஃப் பரிசு, ஆர்.என்.ஏ. ஆய்வாளர்களான ஜோன் ஸ்டைட்ஸ், லின் மாக்வாட், கிரெய்னர் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

அப்படியானால் நோய் முற்றிலும் குணமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, எப்போது தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. இறந்துபோன நரம்பணுவை எந்த மருந்தும் எழுப்பாது. இருக்கும் நரம்பணுவைத்தான் காக்கும். முதல் வகையில் அழிவு பிறந்த சில வாரங்களிலேயே வேகம் எடுக்கிறது. அறிகுறி தோன்றும் முன்பே, பிறந்து 6 வாரத்துக்குள், மருந்து தொடங்கப்பட்ட 25 குழந்தைகளை ஒரு சோதனையில் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதை ஒட்டிய கணக்கெடுப்பின்போது 25 பேரும் உயிருடன் இருந்தார்கள். ஒருவருக்கும் நிரந்தரச் சுவாசக் கருவி தேவைப்படவில்லை. 22 பேர் தாமாக நடந்தார்கள். உட்காரவே மாட்டார்கள் என்று ஒரு நூற்றாண்டாகப் பாடநூல்கள் எழுதிவந்த குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அறிகுறி தோன்றி மாதங்கள் கழித்துத் தொடங்கும் குழந்தைக்கு இதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் நோய் மேலும் முற்றாமல் நிற்பதும், விரல் அசைவும் மூச்சும் காக்கப்படுவதும் அக்குடும்பத்துக்குச் சிறிய பயன் அல்ல.

செய்திகளில் வந்த 16 கோடி ரூபாய் ஊசி இதுதானா?

இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியபோது பேசப்பட்டது ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணு சிகிச்சை. தீங்கற்ற வைரஸ் ஒன்றின் உறைக்குள் நல்ல எஸ்.எம்.என். மரபணுவை வைத்து ஒரே ஒரு முறை இரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். அது ஸ்ப்ளைசிங்கைத் தொடுவதில்லை. அமெரிக்காவில் 2019இல், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கென ஒப்புதல் பெற்றது. மூன்றாவது மருந்து 2020இல் வந்த ரிஸ்டிப்லாம். இது வாய்வழி உட்கொள்வது. நுசினர்செனைப் போலவே எஸ்.எம்.என்.2 ஆர்.என்.ஏ.வில் 7ஆம் எக்ஸானைச் சேர்க்கச் செய்கிறது, ஆனால் முற்றிலும் வேறு வகைச் சிறு மூலக்கூறு.

விலை?

நுசினர்சென் அமெரிக்காவில் அறிமுகமானபோது முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர், பிறகு ஆண்டுக்கு 3,75,000 டாலர். இந்தியாவில் ரிஸ்டிப்லாம் 2021இல் விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு புட்டி 6 லட்சம் ரூபாய்க்கு மேல். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, குறிப்பிட்ட உயர் சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருந்துக்கு அது போதாது என்பது கணக்குப் போட்டாலே விளங்கும். ரிஸ்டிப்லாமின் காப்புரிமை வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்து, உச்ச நீதிமன்றமும் தலையிடாததால், 2025 அக்டோபரில் நாட்கோ நிறுவனம் அதே மருந்தின் பொதுவகையை (ஜெனரிக்) ஒரு புட்டி 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. இந்தியக் குடும்பங்களைப் பொறுத்தவரை, இந்நோயின் வரலாற்றில் ஆய்வகக் கண்டுபிடிப்புக்கு இணையான நிகழ்வாகவே இதைக் கருதுகிறேன்.

வேறு நரம்புத் தசை நோய்களுக்கு இந்த வழி உதவுமா?

டூஷேன் தசைச் சிதைவில் தேவை நேர் எதிரானது. அந்நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் 79 எக்ஸான்கள். சில விடுபட்டதால், மும்மூன்று எழுத்தாகச் செல்லும் வாசிப்பு தடம்புரளும்போது, பக்கத்து எக்ஸானையும் வேண்டுமென்றே விடச்செய்து தடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். புரதம் குட்டையானாலும் ஓரளவு இயங்கும். 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எடெப்லிர்சென் 51ஆம் எக்ஸானை இவ்வாறு விடச்செய்கிறது. ஆனால் தசைக்குள் மருந்து போதிய அளவு புகுவதில்லை, பயன் எஸ்.எம்.ஏ.யில் கண்டதற்கு அருகில்கூட வரவில்லை. மயோடோனிக் தசைச் சிதைவில், மிகையாக நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்று ஸ்ப்ளைசிங் புரதங்களைச் சிறைபிடித்துவைப்பதால் பல மரபணுக்களின் ஸ்ப்ளைசிங் ஒருசேரக் கெடுகிறது. நரம்புத் தசை நோய்களுக்கு வெளியே, எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 அளவுக்கு மீறினால் செல் புற்றுச் செல்லாக மாறக்கூடும் என்பதையும் கிரெய்னர் குழு 2007இல் காட்டியது.

எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வருமா? சொந்தத்தில் திருமணம் செய்ததுதான் காரணமா?

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால்தான் நோய் வரும். இருவரும் கடத்திகளாக, அதாவது பழுதுபட்ட ஒரு பிரதியைச் சுமந்தும் தமக்கு நோய் இல்லாதவர்களாக, இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் அது கூடுவதும் இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை. சொந்தத்துக்குள் மணம் செய்தால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு உயரும் என்பது உண்மை. ஆனால் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர் கடத்தியாக இருப்பதால், எந்த உறவுமில்லாத தம்பதியருக்கும் இந்நோயுள்ள குழந்தை பிறக்கிறது. ஆகவே தாயையோ தாய்வீட்டையோ குறைசொல்வதற்கு இதில் எந்த இடமும் இல்லை. பெற்றோர் இருவரும் இரத்தப் பரிசோதனையில் கடத்தி நிலையை அறியலாம். அடுத்த கருவைப் பதினோராவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவைக் கொண்டு சோதிக்கலாம். அதற்கு முன் மரபியல் ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து பேச வேண்டும். கருவில் சோதிக்க விரும்பாத பெற்றோர், குழந்தை பிறந்த அன்றே இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும்படி மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குழந்தை நன்றாகக் கை கால் அசைக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.